தலைக்குத் தண்ணீர் தள்ளிப்போனது

என் மாமியாருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்காரர்களின் வரிசை வீடுகளான ரயில்வே லைனில் எங்களுடையது முதல் வீடு. அங்கே நின்று அவர் மாட்டைத் திட்டினால் கடைசி வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழும். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். தண்டவாளம் போட வந்த மாமா, மகன் நடக்கப் பழகும் முன்பே மலேரியாவில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு பால் விற்று மகனை ஆளாக்கியவர் அத்தை. அந்த மகன் இன்ஜினில் ஃபயர்மேன், அதாவது கரி அள்ளிப் போடுகிற வேலை. அவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

நான் கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துக் கற்றுக்கொண்டேன். அது அத்தைக்குப் பெரிய பெருமை. "எம் மருமக பேப்பரே படிப்பா" என்று பால் ஊற்றப் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும், "படிச்சு என்னத்துக்கு ஆச்சு, சாணி அள்ளச் சொன்னா மூக்கப் பிடிக்கிறா" என்பார். இரண்டும் உண்மை. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அதை மட்டும் அவர் வாயால் சொன்னதில்லை. கோயிலுக்குப் போகும்போது என் நெற்றியில் கொஞ்சம் அதிகமாகக் குங்குமம் அப்புவார், அவ்வளவுதான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வெள்ளைக்காரர் நாட்டில் நடந்த பெரிய சண்டை முடிந்துவிட்டது என்ற சேதி ஒரு நாள் வந்தது. யார்டில் நின்ற இன்ஜின்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊதின. அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். பசு மிரண்டு ஒரு உதை விட்டதில் செம்பு உருண்டு சாக்கடையில் போய் விழுந்தது.

"சண்டை முடிஞ்சிருச்சாம் அத்தே!"

"முடிஞ்சா முடியட்டும். கொட்டுன பால அந்த ராசாவா வந்து குடுப்பான்?"

ஊதின இன்ஜின்களில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. கையை எடுக்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்ததாக வந்து சொன்னார். பிறகு கூட்டாளிகளோடு கோலாலம்பூர்த் திடலுக்குப் போய், பாண்டு வாத்தியம் கேட்டு, வாணவேடிக்கை பார்த்து, கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு, குரல் கட்டிப்போய் வீடு திரும்பினார். ஊரே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்த நாள் அது. காய்ச்சல் அதற்கு முன்பே ஊருக்குள் வந்திருந்தது. அன்றைக்கு அதற்கும் நல்ல கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

அதைக் கப்பலில் வந்த காய்ச்சல் என்றார்கள். பட்டாளத்துக்காரர்கள் கொண்டுவந்தது என்றும் சொன்னார்கள். ரயில்காரர்கள்தான் முதலில் விழுந்தார்கள். காலையில் வேலைக்குப் போனவரை மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் தலை பிளக்கும். பிறகு உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கும். சிலருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஓட்ட ஆளில்லாமல் ரயில்கள் நின்றன. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பாசாரில் பாதிக் கடைகளைத் திறக்கவில்லை. காலையும் மாலையும் சாக்கடைகளில் பினாயில் ஊற்றினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுடுகாட்டுக்குப் போகிற மாட்டு வண்டி எங்கள் லைன் வழியாகத்தான் போகும். அது தூரத்தில் வரும்போதே அத்தை என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. டிரெசர் ஒருவரைத்தான் லைன் லைனாக அனுப்பினார்கள். டாக்டருக்கு அடுத்த நிலையில் இருந்து மருந்து கொடுக்கிறவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். பழுப்பு பாட்டிலில் கசப்புத் தண்ணீர் தருவார். எந்த வீட்டிலும் உட்காரமாட்டார், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்பார். எல்லா வீட்டு வாசலிலும் ஒன்றையே சொன்னார்.

"காய்ச்சல் விட்டாலும் எழும்பக் கூடாது, கேட்டியளோ. அதுக்குப் பிறகுதான் நெஞ்சுக்குள்ள சளி கட்டும். தலையில தண்ணி வார்க்கவே கூடாது. ரெண்டு கிழமை போகட்டும்."

அவர் ஊர்ப் பேச்சில் கிழமை என்றால் வாரம். வாசலில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் போனதும் அவரவர் வழக்கத்தைப் பார்த்தார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் படுத்தால் அது மாரியாத்தா வந்திருக்கிறாள் என்றுதான் எங்கள் ஆட்களுக்கு அர்த்தம். முத்து போடவில்லையே, இது எப்படி அம்மையாகும் என்று நான் அத்தையிடம் கேட்டேன். "ஆத்தா எல்லாருக்கும் முத்துதான் குடுக்கணும்னு ஒங்கிட்ட எழுதிக் குடுத்திருக்காளா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

ஆத்தா வந்த வீட்டுக்கு ஒரு முறை உண்டு. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்தால் வெளி ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். தாளிக்கக் கூடாது. இளநீர், மோர், கஞ்சி என்று குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஏதாவது ஒரு நாளில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, ஆத்தாவை மரியாதையாக அனுப்பி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாத வரைக்கும் அவள் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளை ரொம்ப நாள் காக்க வைத்தால் கோபித்துக்கொள்வாள். வீட்டில் தீட்டு இருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தீர்கிற வரை பொறுத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் கேலி செய்ய எழுதவில்லை. வேப்பிலை கண்ட வீட்டுக்குள் யாரும் போகாமல் இருந்ததால் எத்தனை பேர் தப்பினார்களோ. கோயிலை ஒட்டி ஒரே ஒரு வேப்பமரம் இருந்தது. அந்த நாட்களில் அது மொட்டையாகி நின்றது. ஆளுக்கு ஒரு கொத்துப் பறித்ததில் கடைசியில் குச்சிதான் மிச்சம். ஆபத்து அந்தத் தலைத் தண்ணீரில்தான் இருந்தது.

லைனில் யாருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதானாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். அம்மை கண்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் ஊற்றி, அத்தனையும் பிழைத்து வளர்ந்து இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் இருந்தார். தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை, நல்ல மனிதர், சிரித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். லைனில் முதலில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து, தயிர்ச்சோறு வேண்டும் என்று கேட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா சந்தோஷமாக ஓடிவந்து அத்தையைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். அத்தை மூன்று குடம் ஊற்றினார். சாயங்காலம் பாயிண்ட்ஸ்மேனுக்கு நடுக்கம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டி எங்கள் லைனுக்குள்ளேயே வந்து நின்றது.

டிரெசர் வந்து கத்தினார். "ஆர் தண்ணி வார்த்தது? நான் சொல்லிட்டுத்தானே போனனான்?" என்று வாசலில் நின்று கேட்டார். கடைசியில் அக்காதான், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "ஆத்தா கூட்டிக்கிட்டா சார். யாரச் சொல்ல முடியும்?" என்றார். அத்தை மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அன்று முழுவதும் அவர் குரல் எங்கள் வீட்டுக்குள்ளேயே சரியாகக் கேட்கவில்லை. யாராவது ஒருவர் அவரைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து காலைப் பாலில் முதல் செம்பு அக்கா வீட்டுக்குப் போனது.

என் வீட்டுக்காரர் விழுந்தது அதற்குப் பிறகு. வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. அத்தையும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத் துணி போட்டோம். ஆத்தா இருக்கும் வீட்டில் மருந்து கூடாது என்பது முறை. டிரெசர் கொடுத்த பாட்டிலை அத்தை எங்கே கொட்டப் போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆத்தா படத்துக்கு முன்னால் வைத்தார். மூடியில் கொஞ்சம் திருநீற்றைப் பூசினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எடுத்துவந்து, "இந்தா, ஊபாட் இல்ல, பிரசாதம். குடுத்துரு" என்றார். மலாய்க்காரர்கள் மருந்தை ஊபாட் என்பார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததே அபூர்வம். அதைப் பார்த்துப் படுத்திருந்தவரும் உதட்டோரம் சிரித்தார்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. கண்ணில் தெளிவு வந்தது. ஆனால் மூச்சு வாங்கியது, இருமினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அன்று திங்கட்கிழமை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒங்க மவனுக்குக் காய்ச்ச விட்டிருச்சாமே. நாளைக்குச் செவ்வா. ஊத்திருவீங்கல்ல?"

"ஊத்தணும்ல" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் குடங்களைக் கழுவிக் கவிழ்த்தார். மஞ்சள் அரைத்தார். நான் பின்னாலேயே போய், டிரெசர் சொன்னதைச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொல்லியிருந்தால் மஞ்சள் அரைக்கிற அந்தக் கை என்ன ஆகியிருக்குமோ.

"லைன்ல எல்லாருக்கும் ஊத்திட்டு, எம்மவனுக்கு மட்டும் வேணாம்னு நான் எப்பிடிடி சொல்லுவேன்?" என்று அத்தை கேட்டார். கத்தவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "ஆத்தாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஊருகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரரிடம் போனேன். அவரோ, "ஊத்தட்டும் புள்ள. ஒடம்பெல்லாம் பிசுபிசுங்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளைகளைப் போல அப்பாவிகள் உலகத்தில் இல்லை. விட்டால் இவரை நாளைக் காலையில் குளிர வைத்துக் கொன்றுவிடுவார்கள், இவரும் நன்றி சொல்லிவிட்டுச் சாவார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே அந்த யோசனை வந்தது.

அதை யோசனை என்று சொல்லிவிட்டேன். அப்போது அது நெஞ்சில் கத்தியை வைத்தது போலத்தான் இருந்தது. ஏனென்றால் எனக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருந்தது. மூன்று வருடம் காத்திருந்து வந்த சேதி. கண் பட்டுவிடும் என்று பயந்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அத்தையிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அவர் குரலில் அது ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ விதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அந்த வாயால்தான் நான் அன்றைக்கு இதற்கு நேர்மாறானதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கொல்லை வாசலில் தள்ளி நின்றேன். "அத்தே, நான் தூரம்" என்றேன்.

வீட்டுக்குத் தூரம் என்றால் மாதவிலக்கு. தீட்டு. தீட்டு இருக்கிற வீட்டில் ஆத்தாவுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அத்தை அரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்போ?"

"இப்பத்தான்."

அரைத்த மஞ்சளை வழித்து எடுத்துக்கொண்டுபோய் வாழை மரத்தடியில் போட்டார். குடங்களை எடுத்து உள்ளே வைத்தார். "போ. கொட்டகைக்குப் போ. பாயும் தட்டும் நான் கொண்டாந்து போடறேன். உள்ள காலெடுத்து வைக்காத" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் ஏமாற்றம் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விலக்கானவள் வீட்டுக்குள் போகக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி, அவரைவிட்டுத் தூரமாக நானே வந்து உட்கார்ந்துகொண்டேன். கொட்டகையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பலகைச் சுவர்தான் தெரியும். அவர் இருமுவது கேட்கும். "எங்க அவ?" என்று அவர் கேட்பதும், "கண்ண மூடிப் படுடா, பெரிய சீமான்" என்று அத்தை அதட்டுவதும் கேட்கும். இரண்டு பசுக்களும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு அசைபோட்டன.

அத்தை தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார். கஞ்சியில் நெய் மிதந்தது. கூடவே ஒரு பெரிய செம்பு நிறையப் பால். சண்டையால் அரிசிக்கே தட்டுப்பாடான நேரம் அது. தூரமானவளுக்கு எதற்கு இவ்வளவு பால் என்று கேட்டால், "மாடு கறக்குது. வாங்கறவன்ல பாதிப் பேரு படுத்துட்டான். சாக்கடையிலயா ஊத்த?" என்று சீறினார். என் பொய்க்கு இவர் நெய் ஊற்றுகிறாரே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் முழுவதையும் குடித்தேன். பசி அப்படி.

விலக்கு மூன்று நாள்தான். பிறகு முழுகிவிட்டு வீட்டுக்குள் போகலாம். அப்புறம் வெள்ளிக்கிழமை வரும். வெள்ளிக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை நான் முழுகத் தயாரானபோது அத்தை வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"இப்ப உள்ள வராத. இன்னம் ரெண்டு நாளு இருந்துட்டு வா. எனக்கு மனசு ஒப்பல."

வெள்ளிக்கிழமை குழாயடியில் அவர் குரல் எனக்கே கேட்டது. "நாளு நல்லா இல்லடி. ஊத்தறதா இல்ல." ஞாயிற்றுக்கிழமை வேறொரு காரணம் வந்தது. "மாடு கன்னு போடற மாரி இருக்கு. அதுவும் தீட்டுத்தானே?" எங்கள் மாடுகள் இரண்டும் அப்போது சினையாக இல்லை என்பது மாட்டுக்கே தெரியும். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் குழப்பம். இவர் ஏன் தள்ளிப்போடுகிறார், என்னை ஏன் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்? பிள்ளை பெறாத மருமகளை இப்படியே கொட்டகையில் குடிவைத்துவிட முடிவு செய்துவிட்டாரோ என்றுகூட நினைத்து அழுதேன். அத்தையைப் பற்றி நான் நினைத்ததிலேயே மோசமான நினைப்பு அது. மறுநாள் பால் செம்பு வந்ததும் அது போய்விட்டது.

ஒரு நாள் காலையில் பலகைக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தார். தாடி, குழி விழுந்த கண், இடுப்பில் நிற்காத கைலி. என்னைப் பார்த்து, "என்னா, மாட்டோட சேந்துட்டியா?" என்றார். பேசி முடித்தபிறகும் இருமல் வரவில்லை. நான் அந்த இருமலுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அன்று டிரெசர் வந்து முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிப் பயமில்லை" என்று சொல்லி, முதல் தடவையாக எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்தார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் தண்ணீர் ஊற்றினார்கள். விடியற்காலையில் ஊற்றுவதுதான் முறை. அத்தை உச்சி வெயில் வரும் வரை இருந்து, அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கையை விட்டுப் பதம் பார்த்து ஊற்றினார். குழாயடிப் பெண்கள் வெந்நீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "ஆத்தாளுக்கு இந்தக் குளுருல வெந்நிதான் பிடிக்குதாம்" என்றார் அத்தை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் அந்தக் குரலோடு யார் மல்லுக்கட்டுவது?

மகனைத் துவட்டி உள்ளே அனுப்பிவிட்டு அத்தை கடைசிக் குடத்தைத் தூக்கினார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். நேராக என்னிடம் வந்து, வேப்பிலையும் மஞ்சளுமாக வெதுவெதுப்பான தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார்.

"அத்தே!"

"நில்லு. ரெண்டு பேருக்கும் சேத்து."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், முகத்தில் வழிந்தது எது, நான் அழுதது எது என்று தெரியவில்லை.

"மாட்டுக்குச் சென பிடிச்சா கண்ணப் பாத்துச் சொல்றவ நானு. மருமகளுக்குத் தெரியாமப் போயிருமா?" இதை அவர் கத்திச் சொல்லவில்லை. என் காதோரம் சொன்னார். "எனக்கு எப்பவோ தெரியும்டி. நீயா வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீ வந்து தூரம்னு நிக்கிற!"

"தெரிஞ்சுமா கொட்டகையில போட்டீங்க?"

"பின்ன? வயித்துப் பிள்ளக்காரிய அந்தக் காய்ச்சக் காத்துலயிருந்து எப்பிடி வெளிய தள்றதுன்னு நான் கெடந்து தவிக்கிறேன். பொண்டாட்டியப் புருசன்கிட்டயிருந்து பிரிச்சேன்னு பேரு வரும். நீயா வந்து மாட்டிக்கிட்ட."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பலகைச் சுவரைப் பார்த்தார்.

"அவன் தலையில ஊத்துன கை இது. எம்மவனுக்கு மட்டும் வேணாம்னு சொல்ல எனக்கு ஏது வாயி? நீ சொன்ன. நான் பிடிச்சுக்கிட்டேன்."

அப்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியாரின் கையை அப்படிப் பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சாணியும் பாலும் மஞ்சளும் மணக்கிற கை. அதைவிட எனக்குப் பிடித்த கை அதற்குப் பிறகு இந்த உலகத்தில் இருந்ததில்லை.

நான் உண்டாகியிருக்கிற சேதியை அத்தை அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அம்பாங் வரைக்கும் கேட்டிருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். துக்க வீடாக இருந்தும் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து எனக்குப் புளி மாங்காய் கொடுத்தார். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவரால் அந்த நிலைமையிலும் சிரிக்க முடிந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காய்ச்சல் இன்னும் ஓயவில்லை. கொஞ்ச நாளில் அக்காவின் ஒரே பெண் குழந்தை படுத்தது. அப்பாவைப் போலவே அந்தக் குழந்தைக்கும் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அத்தே, புள்ளைக்குக் காய்ச்ச விட்டிருச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழம. ஒங்க கையால தண்ணி ஊத்தி விடுங்க."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊற்றக் கூடாது என்று சொன்னால், அன்றைக்கு உன் புருஷனுக்கு ஊற்றியதும் தப்பு என்று ஆகிவிடும். ஊற்றினால் அந்தக் குழந்தை. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது. குரல் வரவில்லை. அந்தக் குரலே வரவில்லை. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினார்.

"எம் மருமக தூரம்டி. வீட்டுல தீட்டு. நான் வரக் கூடாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கொடுத்த மாங்காயைத்தான் நான் அப்போது கடித்துக்கொண்டு நின்றேன். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணில் சந்தோஷம் போய், வேறு என்னவோ வந்து, அதுவும் போனது. எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் அழுவார், கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் பயந்தேன். தூற்றியிருந்தால் நான் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன்.

"சரி அத்தே" என்றார் அக்கா. "அவளுக்குத் தூரம் முடியட்டும். ஆத்தா பொறுத்துக்குவா."

படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். அத்தையின் வலது கையை எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்.

கறக்கிற நேரம் தாண்டி மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. அத்தை வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.